பொம்மையின் டவுசர்

தையல்காரரின் கையில் அது முதன்முதலாகத் தட்டுப்பட்டது ஒரு புதன்கிழமை காலை, குளிக்கும்போது. இடது தொடை இடுக்கில், விதைப்பை தொடங்குகிற ஓரத்தில், சட்டைக் காலர் பொத்தான் அளவுக்கு ஏதோ ஒன்று. சோப்பு நுரை என்று நினைத்து வழித்துவிட்டார். நுரை போயிற்று, அது போகவில்லை.

கோட்டுக்குப் பொத்தான் வைக்கும்போது துணியோடு ஒட்டித் தைக்கக் கூடாது. பொத்தானுக்கும் துணிக்கும் நடுவில் நூலை நாலு சுற்றுச் சுற்றி ஒரு சின்னக் கழுத்து வைக்க வேண்டும். அப்போதுதான் பொத்தான் லேசாகத் தொங்கும், ஆடும், போடவும் கழற்றவும் சுலபமாக இருக்கும். இப்போது யாரோ அவருடைய உடம்பிலேயே கழுத்து வைத்து ஒரு பொத்தானைத் தைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தொட்டால் ஆடியது. வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்பதுதான் அவருக்குக் குலை நடுக்கமாக இருந்தது. அண்ணனுக்கும் வலிக்கவில்லை.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். குழாய் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன, உள்ளேயே குடித்தனம் வச்சிட்டீங்களா?" என்று மனைவி கதவைத் தட்டினாள்.

"வரேன்" என்றார். அது வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

அண்ணன் போய்ப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. முப்பத்தெட்டு வயது. இருபது வருஷமாக இரண்டு பேரும் ஒரே கடையில், எதிரெதிர் மிஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள். என்ன வியாதியில் போனார் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "அந்த முழங்கால் விஷயம்" என்றுதான் சொல்வார்கள். முழங்காலில் அண்ணனுக்கு ஒரு கோளாறும் இருந்ததில்லை.

அடுத்த ஆறு நாளும் தையல்காரர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கடைக்குப் பின்னால் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் அது அங்கேயே இருந்தது. இருமல் வந்தால் காது கொடுத்துக் கேட்டார். அண்ணனுக்குக் கடைசியில், வியாதி நெஞ்சு வரை ஏறிய பிறகு, இருமலில்தான் தெரிந்தது. ஏழாம் நாள் ஒரு வாடிக்கையாளரின் பேன்ட் துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, கத்தரி வைத்து, அழகாக இரண்டு இடது கால்களை வெட்டி முடித்தார்.

அண்ணி கடையிலேயே ஓரமாக உட்கார்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவள். அண்ணன் போன பிறகு அவர் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுக்கொண்டவள், அவருடைய மிஷினில் மட்டும் உட்கார மாட்டாள். ஊசியை நிறுத்தாமலே கேட்டாள்.

"தம்பி, ரெண்டும் இடது காலா?"

"கவனம் தப்பிடுச்சு அண்ணி."

"உங்க அண்ணனும் இப்படித்தான். அந்த எட்டு மாசத்துல மூணு வெட்டினாரு."

தையல்காரருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"உங்க வீட்டுக்காரி சொல்லிட்டா. குளிக்கப் போனா ஒரு மணி நேரம் ஆகுதாம். என்ன இருக்கு, எங்க இருக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி, சின்னதா... நூல் கட்டி இறுக்கினா தானா விழுந்துடும்னு சொல்றாங்க."

"யாரு சொல்றா?"

"பக்கத்துக் கடைக்காரர்."

"பாத்திரக் கடைக்காரரா? போய் அவர் குடத்துல கட்டி இறுக்கிப் பாக்கச் சொல்லுங்க." அண்ணி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறீங்க. எங்க இருக்கோ அங்கதான் இருக்குன்னு சொல்றீங்க. அவரை மாதிரி முழங்கால்னு எழுதிட்டு வந்து நின்னீங்கன்னா, இந்தக் கடைப் படி ஏறாதீங்க."

பெரிய ஆஸ்பத்திரி ஒழுங்குக்குப் பேர்போன இடம். யார் வந்தாலும் முதலில் படிவம் பதினேழு. படிவம் பதினேழில் ஒரு மனிதன் இரண்டு கையையும் விரித்துச் சிரித்துக்கொண்டு நிற்பான். நோயாளி தனக்கு எங்கே கோளாறோ அங்கே அந்த மனிதன் மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி எங்கேயோ, அந்தப் பிரிவுக்கு அனுப்பிவைப்பார்கள். படிக்காதவர்களுக்கும் வசதி. இதில் ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு. படத்திலிருக்கும் மனிதன் டவுசர் போட்டிருப்பான். டவுசர் மேல் பேனா படக் கூடாது. பட்டால் படிவம் செல்லாது.

அண்ணனுடைய படிவத்தின் நகல் இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதில் டவுசர் முட்டி வரைக்கும்தான். விளிம்புக்குக் கீழே, முழங்காலில், அண்ணன் ஒரு புள்ளி வைத்திருப்பார். "பக்கத்துலதானேடா குறிச்சிருக்கேன், டாக்டருக்குப் புரியாதா" என்றார் அப்போது. முழங்கால் டாக்டர் முழங்காலைப் படம் எடுத்தார். லேசான தேய்மானம் என்று தைலம் கொடுத்தார். டவுசருக்குள் கல் மாதிரி ஒன்று வளர்ந்துகொண்டிருக்க, அண்ணன் எட்டு மாதம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தார்.

தையல்காரர் தன் கையில் கொடுத்த படிவத்தைப் பார்த்தார். தொழில்காரர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிட்டது. டவுசர் வளர்ந்திருந்தது. கீழே கணுக்கால் வரை இறங்கியிருந்தது. மேலே விலா எலும்பு வரை ஏறியிருந்தது.

"இது டவுசர் இல்லைங்களே. பேன்ட். அதுவும் இடுப்பு ஏத்தி வச்சது" என்றார் பதிவு குமாஸ்தாவிடம்.

"நாலாவது திருத்திய பதிப்பு. புள்ளி வைங்க."

"எனக்குக் கோளாறு கவட்டுப் பக்கம் சார்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். குமாஸ்தா பேனாவால் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு பலகையில் எழுதியிருந்தது: உறுப்புகளை உரக்கச் சொல்லாதீர்.

"நாங்க தினமும் சொல்ற வார்த்தைங்க. கவட்டு அளவு எடுக்காம பேன்ட் தைக்க முடியுமா?" தையல்காரர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "டவுசருக்குள்ள இருக்கு சார்."

"டவுசருக்குள்ள எங்களுக்குப் பிரிவே கிடையாது. மேல போட்டா நெஞ்சு, கீழ போட்டா பாதம். சீக்கிரம் சொல்லுங்க, பின்னால ஆளு நிக்குது."

கீழே போட்ட அண்ணன் என்ன ஆனார் என்பது அவருக்குத் தெரியும். மேலே போட்டார்.

நெஞ்சுப் பிரிவில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். மார்பில் கம்பிகளை ஒட்டி, நீளமாக ஒரு காகிதம் எடுத்தார்கள். இதயம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்ததால் காகிதம் பார்ப்பதற்கு நன்றாகவே வந்தது.

"ரொம்ப வேகமா அடிக்குது. எதுக்குப் பயப்படறீங்க?" என்றார் நெஞ்சு டாக்டர்.

"கோளாறு கொஞ்சம் கீழே டாக்டர்."

"எவ்வளவு கீழ?"

கழுத்தில் எப்போதும் தொங்கும் இஞ்ச் டேப்பை எடுத்து விலாவிலிருந்து பிடித்துப் பார்த்தார் தையல்காரர். "பதினாறு அங்குலம்."

"அடடா. எங்க எல்லை ஒன்பதோட முடியுதே" என்று டாக்டர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "பாதப் பிரிவுல கேளுங்க. அவங்க கீழேயிருந்து மேல வருவாங்க."

பாதப் பிரிவு கணுக்காலிலிருந்து பதினாலு அங்குலம் வரை வந்தது. அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட வர மறுத்துவிட்டது. தையல்காரர் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். விலாவிலிருந்து கணுக்கால் வரை அவருக்கு நாற்பத்து மூன்று அங்குலம். ஒன்பதும் பதினாலும் போக, நடுவில் இருபது அங்குலம் எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லை. சாக வேண்டுமென்றால் ஒரு மனிதனுக்கு அந்த இருபது அங்குலம் தாராளமாகப் போதும் என்று தோன்றியது. கை தானாக இடது பக்கம் போயிற்று. பெஞ்சில் பக்கத்தில் ஆள் இருந்ததால் திரும்பி வந்தது.

பாதப் பிரிவில் அவருக்குத் தட்டைப் பாதம் என்று கண்டுபிடித்து, செருப்புக்குள் வைக்க இரண்டு மெத்தைத் துண்டுகள் கொடுத்தார்கள். அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பயமா இருக்குங்க, யாராவது ஒருத்தர் பாருங்களேன்" என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டார். உரக்கச் சொன்ன குற்றத்துக்காக அவரைக் கண்ணியக் குழுத் தலைவரிடம் அழைத்துப் போனார்கள்.

தலைவர் பழுத்த மனிதர். மேஜை மேல் ஒரு வெள்ளிக் கேடயம். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு பேசினார்.

"நீங்க பதற்றத்துல இருக்கீங்க. புரியுது. ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சா பதற்றம் போயிடும். இந்தக் குழுவை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வருஷத்துக்கு இருநூறு ஆம்பளைங்க அந்த... அந்த வட்டாரத்துல கட்டி, மருன்னு இங்க வந்துகிட்டு இருந்தாங்க. படத்துல இருக்கிற ஆளுக்கு ஒரு டவுசர் போட்டோம். இருநூறு அறுபதாச்சு. டவுசரை முட்டி வரைக்கும் இறக்கினோம். அறுபது ஏழாச்சு. கணுக்கால் வரைக்கும் இறக்கினோம். பூஜ்யம்! ஒரு மாத்திரை இல்லாம, ஒரு ஊசி இல்லாம ஒரு வியாதியையே ஒழிச்சுக் காட்டியிருக்கோம். இந்தக் கேடயம் அதுக்குத்தான் கொடுத்தாங்க."

"ஆனா எனக்கு இருக்குதுங்களே."

"இந்த ஆஸ்பத்திரிக் கணக்குப்படி இல்லை" என்றார் தலைவர், ஆறுதலாக.

தையல்காரர் தண்ணீரை ஒரு மிடறு விழுங்கினார். "முட்டி வரைக்கும் டவுசர் இருந்தப்போ வந்த ஏழு பேரு, அவங்க?"

"எல்லாரும் முழங்காலுக்குப் போனாங்க. அருமையா ஒத்துழைச்சாங்க. அதுல ஒருத்தரைச் சொல்லியே ஆகணும். எட்டு மாசம், ஒரு தடவை தவறாம வந்து தைலம் வாங்கிட்டுப் போனாரு. ஒரு வார்த்தை முகம் சுளிச்சதில்லை. ஆண்டறிக்கையில அவருக்குன்னு ஒரு பத்தியே எழுதியிருக்கோம், பேர் போடாம."

"அவர் என்ன ஆனாரு?"

"குணமாயிருப்பாரு" என்றார் தலைவர் மலர்ந்த முகத்தோடு. "அதுக்கப்புறம் வரவே இல்லையே."

தலைவருடைய கோட்டில் இரண்டாவது பொத்தான் துணியோடு ஒட்டி, கழுத்தே வைக்காமல் தைக்கப்பட்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் தாங்காது. தையல்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறெதையாவது பார்த்தால் என்ன செய்துவிடுவோமோ என்று இருந்தது.

"சந்தேகம் இருந்தா கீழ மண்டபத்துக்குப் போங்க" என்று தலைவர் எழுந்தார். "ஆண்கள் நல விழிப்புணர்வுக் கூட்டம் இப்ப நடக்குது. நாங்க எதையும் மறைக்கிறவங்க இல்லை."

மண்டபத்தில் நாற்பது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி, ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலி. மேடையில் ஆள் உயர ரப்பர் பொம்மை ஒன்று நீல டவுசரோடு நின்றது. விதிப்படி பத்தடி தள்ளி நின்று, நீண்ட கம்பால் அதைக் காட்டிக்கொண்டிருந்தார் விழிப்புணர்வு அலுவலர்.

"அந்தப் பகுதியில், அந்த மாதிரி ஏதாவது, அப்படித் தென்பட்டால், தயங்காமல் உரிய இடத்தை அணுக வேண்டும்."

"அந்த மாதிரின்னா எந்த மாதிரி சார்?" என்று நடுவிலிருந்து ஒரு லாரி டிரைவர் கேட்டார்.

"அதை இங்கே சொல்வதற்கில்லை."

"உரிய இடம் எது?"

"அதுவும் அந்த மாதிரிதான்."

முன்வரிசையில் இருந்த தையல்காரருக்கு இதெதுவும் காதில் விழவில்லை. அவர் டவுசரின் இடுப்புத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிகிற இடத்தில் மூன்று பின்தையல், அதன் மேல் குறுக்காக ஒன்று. உலகத்தில் ஒரே ஒருவர்தான் அப்படி முடிப்பார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வேலை ஒன்று என்று அண்ணன் போய் வந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்குக் கடையில் சிரித்துச் சிரித்து அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. "பொம்மைக்கு டவுசர்டா! போர்வையைப் போத்தி, போர்வை மேல அளவெடுன்னாங்க. தைக்கிறப்போ என் கண்ணையும் கட்டிட்டாங்க. தடவித் தடவித் தைச்சேன். கழட்டவே முடியாதபடி இடுப்போட இறுக்கித் தைக்கணுமாம். பொம்மைக்கே இவ்வளவு மானம்னா நமக்கு எவ்வளவு இருக்கணும் பாரு!"

எப்போது எழுந்தார், எப்போது மேடை ஏறினார் என்பதெல்லாம் பிற்பாடு விசாரணையில் மற்றவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும், தையல் பிரிக்கிற சின்ன பிளேடு கையில் இருந்தது. அண்ணனின் தையலைப் பிரிப்பது லேசான வேலையில்லை. முதலில் குறுக்குத் தையல், பிறகு ஒவ்வொன்றாக அந்த மூன்று. நேரமாயிற்று. பத்தடி விதியை மீறிக் கிட்டே வர அலுவலருக்கு அதிகாரம் இல்லாததால், அவர் கம்பாலேயே தையல்காரரின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

டவுசர் விழுந்தது.

பொம்மை இந்தப் பாடத்துக்காகவே செய்யப்பட்ட பொம்மை. இடுக்கில் மெத்தென்று சின்னதாகத் தொங்குகிற ரப்பர் மரு ஒன்று இருந்தது. இடது விதையில், தொட்டால் மட்டும் தெரிகிற மாதிரி, பட்டாணி அளவுக்குக் கெட்டியாக ஒன்று வைத்திருந்தார்கள். இடுப்பில் ஒரு தகட்டில், பெரிய எழுத்தில், செய்தவர்கள் பொறித்திருந்தார்கள்:

தொட்டுப் பாருங்கள். காம்பு வைத்து, மெத்தென்று தொங்குவது பெரும்பாலும் சாதாரண மரு. பயம் வேண்டாம், ஒரு முறை காட்டிவிடுங்கள். விதைக்குள் கெட்டியாக, வலியே இல்லாமல் இருந்தால் அந்த வாரமே டாக்டரிடம் போங்கள். ஆரம்பத்திலேயே வந்தால் அநேகமாக எல்லோருக்கும் குணமாகும்.

தையல்காரர் அதை இரண்டு முறை படித்தார். அண்ணன் கண்ணைக் கட்டிக்கொண்டு, தடவித் தடவி, இதன் மேல்தான் மூன்று பின்தையல் போட்டிருக்கிறார்.

"அதுல எழுதியிருக்கிறது சரிதான்." பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல். தோல் டாக்டரம்மா எழுந்து நின்றிருந்தார். அந்தக் கூட்டத்துக்கு டாக்டர் ஒருவர் வர வேண்டும், ஆனால் பேசக் கூடாது என்பது விதி. "நான் ஆறாம் நம்பர் அறையிலதான் இருக்கேன். புள்ளி, படிவம் ஒண்ணும் வேண்டாம். வர்றவங்க வாங்க. தையல்காரரே, நீங்க முதல்ல வாங்க. உங்களுக்கு வேர்த்துக் கொட்டுது."

ஆறாம் நம்பர் அறையில் ஒரு கட்டில், ஒரு திரை, ஒரு விளக்கு. சுவரில் கடிகாரம். வேட்டியை விலக்கியபோது தையல்காரரின் பற்கள் ஒன்றோடொன்று மோதுவது அவருக்கே கேட்டது. டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு அதைத் தொட்டார், ஆட்டினார், விளக்கை நெருக்கிப் பார்த்தார். பிறகு இரண்டு விதைகளையும் ஒவ்வொன்றாக விரல்களுக்கு நடுவில் மெதுவாக உருட்டிப் பார்த்தார்.

"இது மரு. வெறும் தோல் மரு. துணி உரசுற இடத்துல, வேர்க்கிற இடத்துல வரும். சொரசொரன்னு கொத்துக்கொத்தா இருந்திருந்தா வேற வகை, அது தொத்தும், மருந்து வேணும். இது அது இல்லை. உறுத்துதுன்னா சொல்லுங்க, மரத்துப்போற ஊசி போட்டு நறுக்கிடறேன். நீங்களா நூல் கட்டறது, கத்தரி வைக்கிறது ஒண்ணும் கூடாது."

"உள்ள? உள்ள ஏதாவது?"

"உள்ள ஒண்ணுமில்லை. நல்லா இருக்கு. ஏன் இவ்வளவு பயம்?"

அண்ணனைச் சொன்னார். எங்கே இருந்தது, எப்படி இருந்தது, முழங்கால், தைலம், இருமல். டாக்டரம்மா கையுறையைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கூடப் பிறந்தவருக்கு வந்திருக்கிறதால நீங்க மாசம் ஒரு தடவை, குளிச்சதும் இப்படி உருட்டிப் பாத்துக்குங்க. கெட்டியா எது தட்டுப்பட்டாலும் நேரா இங்க வாங்க" என்றார். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அவரும் இந்த அறைக்கு வந்திருக்கலாம்" என்றார்.

வேட்டியைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது தையல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே வந்தபோதும் பார்த்திருந்தார். நாலு நிமிஷம் ஆகியிருந்தது.

வெளியே வரிசை நின்றது. முதல் ஆள் லாரி டிரைவர். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொம்மையின் மானத்தைக் குலைத்த குற்றத்துக்கு விசாரணை நடந்தது. அதே அளவில், அதே நீலத்தில் புது டவுசர் தைத்து மாட்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தையல்காரர் ஒப்புக்கொண்டார். முன்பக்கம் ஐந்து பொத்தான் வைத்தார், மேலே மடிப்பு போட்டு மறைத்தார். சரிபார்க்க வந்த கண்ணியக் குழு விதிப்படி பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, திருப்தி என்று கையெழுத்துப் போட்டது. ஆறாம் நம்பர் அறை டாக்டரம்மாவுக்கு மட்டும் பொத்தான் இருப்பது தெரியும்.

அந்த ஐந்துக்கும் காஜா எடுத்தவள் அண்ணி. எடுத்துக்கொண்டிருந்த அன்றைக்கு, தலை நிமிராமல் கேட்டாள்.

"டாக்டரம்மா பாத்துச் சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு தம்பி?"

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். ஊசியில் நூல் சரியாகத்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி கோத்தார்.

"ரொம்ப நேரம் ஆச்சு அண்ணி" என்றார். "பாதி நாள் போயிடுச்சு."

அண்ணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த காஜாவுக்குத் துணியைத் திருப்பினாள்.